திங்கக்கிழமை எடை

ரொம்ப நாளாச்சு மக்களே பதிவு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். வழக்கமா சொல்ற சாக்குன்னு நினைக்காதீங்க, இந்தத் தடவை நிஜமாவே ஆணி. அதுவும் நாலு வருஷத்துக்கு முன்னாடி நானே அடிச்ச ஆணி.

டிஸ்கி: நடுவுல கொஞ்சம் கர்னல் சமாச்சாரம் வரும். பொட்டி தட்டாத நண்பர்கள் பயந்து ஓடிடாதீங்க, பாத்ரூம் சாவியை வெச்சு விளக்கப் பார்க்கிறேன். இன்னொண்ணு, இந்தப் பதிவுல டிரைவர்னு வந்தா அது கோடு. லாரி ஓட்டறவரை லாரிக்காரர்னே சொல்லிடறேன். எங்க ஆபீஸ்லயே இந்தக் குழப்பத்துல ஒரு தடவை ஒரு மீட்டிங் அரை மணி நேரம் ஓடியிருக்கு.

கிண்டி எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில குப்பை கொட்டறேன். லாரி எடைமேடைக்குப் பொட்டி செய்யறோம். ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டு பக்கம் போனா பார்த்திருப்பீங்க, லாரி ஏறி நிக்கும், பக்கத்து ரூம்ல சிவப்பு எழுத்துல எடை எரியும். அந்த எடையை வாங்கி, கணக்குப் போட்டு, ரசீது அடிச்சுக் குடுக்கறது எங்க பொட்டி. உள்ளே ரெண்டு கோர் ஏஆர்எம் சிப், அதுக்கு மேல லினக்ஸ். எடைக் கருவிக்கும் லினக்ஸுக்கும் நடுவுல உக்காந்திருக்கற டிரைவர் நான் எழுதினது. வேலைக்குச் சேர்ந்த மொத வருஷம். கர்னல் கோடு எழுதறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச காலம்.

செங்கல்பட்டு பக்கம் ஒரு கல்குவாரி. அங்கே ரெண்டு எடைமேடை, ரெண்டுக்கும் சேர்த்து எங்க பொட்டி ஒண்ணு. உள்ளே வர்ற காலி லாரி ஒண்ணுல ஏறும், லோடோட வெளியே போற லாரி இன்னொண்ணுல ஏறும். கழிச்சா ஜல்லி எவ்வளவுன்னு தெரிஞ்சுடும். அங்கிருந்து ஒரு புகார்: சில ரசீதுல எடை முன்னூறு நானூறு கிலோ தப்பா வருது. நான் லாக் எடுத்துப் பார்த்தேன். லாக்ல இருக்கற எடையும் ரசீதுல இருக்கற எடையும் ஒண்ணுதான். எங்க சாஃப்ட்வேர்ல எடையைக் கையால டைப் பண்ற வசதியும் உண்டு, கேபிள் புடுங்கிக்கிட்டா அவசரத்துக்கு. அப்படி டைப் பண்ணினா லாக்ல தனியா தெரியாது. (அது தனிக் கூத்து.) அதனால டிக்கெட்டுல "ஆபரேட்டர் எரர்"னு ரெண்டு வார்த்தை அடிச்சு மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ரெண்டாவது புகார் வந்தது. அதே ரெண்டு வார்த்தை. காப்பி, பேஸ்ட்.

மூணாவதா போன்ல வந்தவர் அந்த ஆபரேட்டரே. சப்போர்ட் நம்பருக்கு அடிச்சு, அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கேன்னு சுத்தி என்கிட்ட வந்து விழுந்தார். குரலைக் கேட்டா அம்பது வயசு இருக்கும்.

"சார், நான் கீபோர்டைத் தொடவே இல்ல சார். மேடைல ஒரு நம்பர் காட்டுது, பேப்பர்ல வேற நம்பர் வருது."

"அண்ணே, லாக்ல அப்படி இல்லையே."

"லாக்கு என்ன சார் லாக்கு. கம்பெனிலருந்து எழுதிக் குடுத்துட்டாங்களாம், ஆள் தப்புன்னு. லாரிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு எடையை மாத்தறேங்கறார் முதலாளி. சம்பளத்துல நாலாயிரத்து ஐநூறு புடிச்சுட்டாங்க. என்னை நைட் கேட்டுக்கு மாத்திட்டாங்க."

கம்பெனிலருந்து எழுதிக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல. "பாக்கறேண்ணே"ன்னு மழுப்பினேன். "நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருக்கேன் சார்"னார். போனை வெச்சாப் போதும்னு, "சரி, போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க"ன்னுட்டேன்.

மறுநாள் காலைல தாம்பரத்துல வண்டி ஏறி ஜன்னல் சீட்டும் கிடைச்சப்போதான் அந்தப் போட்டோக்களைத் திறந்தேன். கோடு போட்ட நாப்பது பக்க நோட்டு. தேதி, மணி, லாரி நம்பர், மேடையில காட்டின எடை, பேப்பர்ல வந்த எடை. தப்பா வந்தது மட்டும் இல்ல, சரியா வந்ததும் சேர்த்து எல்லா லாரியும். தப்பா வந்த வரிக்குப் பக்கத்துல சிவப்பு மையில ஒரு டிக். நானெல்லாம் லாக் டிசைன் பண்ணினேன்னு வெளிய சொல்லிக்கக் கூடாது.

சானடோரியம், குரோம்பேட்டை போச்சு. பல்லாவரம் வர்றதுக்குள்ள எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஒரு சிவப்பு டிக்: மேடையில 29,460. பேப்பர்ல 29,840. அதுக்கு மேல் வரியைப் பார்த்தேன். அதே நிமிஷம் இன்னொரு மேடையில ஏறின காலி லாரி, 11,840. அடுத்த டிக்: 31,220 வர வேண்டியது 31,680. பக்கத்து மேடையில 12,680. காசு வாங்கிட்டு எடையை மாத்தற மனுஷன், ஏன்யா கரெக்டா அடுத்த மேடையோட கடைசி மூணு இலக்கத்தை எடுத்து ஒட்டணும்? இது மனுஷன் வேலை இல்ல. ஒரே பஃபர்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா வர்ற வேலை. அந்த பஃபரைக் காவல் காக்கறது என் டிரைவர்.

அதைவிட முக்கியமா ரெண்டு விஷயம் இருந்தது அந்த நோட்டுல. ஒண்ணு, ஒன்பது டிக்கும் திங்கக்கிழமை. ஒண்ணுகூட வேற நாள் இல்ல, ஆனா எல்லாத் திங்கக்கிழமையும் இல்ல. இன்னொண்ணு, டிக் விழுந்த பக்கத்துல எல்லாம் கீழே குட்டியா எழுதியிருந்தார்: "ஆப் பண்ணி ஆன் பண்ணேன். அப்புறம் சரி."

இப்போ பாத்ரூம் சாவி. ஆறு குடித்தனம் இருக்கற பழைய ஸ்டோர் வீடுன்னு வெச்சுக்குங்க. பொது பாத்ரூம் ஒண்ணு. சாவி ஆணியில தொங்கும். சாவி இருந்தா எடுத்துக்கிட்டுப் போகலாம், வந்து திரும்ப மாட்டணும். சாவி இல்லையா, வரிசையில நின்னு தூங்கணும். இதைத்தான் செமஃபோர்ம்பாங்க. 1960-கள்ல டைக்ஸ்ட்ரா கொண்டு வந்தது, பேரு ரயில்வே கைகாட்டியிலிருந்து வந்தது. வரிசையில நிக்கறவங்கதான் த்ரெட். என் பொட்டியில மேடைக்கு ஒண்ணா ரெண்டு த்ரெட், பஃபர் ஒண்ணு, சாவி ஒண்ணு. ரெண்டு பேரும் பாத்ரூமுக்குள்ள இருக்காங்கன்னா ஆணியில ரெண்டு சாவி தொங்கியிருக்கணும். ரெண்டாவது சாவி எங்கேருந்து வந்துச்சு? அதுவும் திங்கக்கிழமை மட்டும்?

ஞாயித்துக்கிழமை குவாரி லீவு. ஆனா பொட்டி ஓடிக்கிட்டே இருக்கும், மேடையைப் படிச்சுக்கிட்டே இருக்கும். ஞாயிறு விடியக்காலை 4 மணிக்கு நாங்க வெச்ச ஒரு ஸ்கிரிப்ட், ஊதிப்போன லாக் ஃபைலை மடிச்சு வெச்சுட்டு எங்க புரோகிராமுக்கு சிக்ஹப்னு ஒரு சிக்னல் அனுப்பும், புது ஃபைலைத் திறடான்னு. (அந்தக் காலத்துல டெர்மினலோட போன் லைன் அறுந்துபோனா வர்ற சிக்னல் அது. பேரு அப்படியே நின்னு, வேலை மட்டும் மாறிடுச்சு.) இன்னொரு ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை சிக்யூஎஸ்ஆர்1 அனுப்பும், உசுரோட இருக்கியான்னு. ஆக வாரத்துல ஒரே ஒரு தடவை, சரியா 4 மணி 0 நிமிஷம் 0 செகண்டுக்கு, ரெண்டு சிக்னலும் ஒண்ணா வந்து கதவைத் தட்டும்.

ஆனா சிக்னலை எல்லாம் மெயின் த்ரெட்தான் வாங்கிக்கும்னு நான் நாலு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன். கண்ணால பார்த்ததும் அப்படித்தான்.

ஆபீஸ் லேப்ல ஆரம்பிச்சேன். குவாரி லாரிக்கு எங்கே போறது? ரெண்டு லோட்செல்லை மேஜை மேல வெச்சு, ஒண்ணு மேல இருபது லிட்டர் தண்ணி கேன், இன்னொண்ணு மேல பாதி கேன். ரெண்டு சிக்னலையும் சேர்த்து சேர்த்து அனுப்பற ஒரு லூப். ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். ஒண்ணும் ஆகல. டிரைவருக்குள்ள நாலு இடத்துல பிரின்ட் போட்டேன், அப்பவும் ஒண்ணும் ஆகல. பிரின்ட் போட்டாலே நேரக் கணக்கு மாறிடும், பூச்சி ஒளிஞ்சுக்கும். தெரிஞ்சேதான் போட்டேன். வேற வழி தெரியாதப்போ எல்லாரும் பண்றதுதான.

இந்த நேரத்துல எல்லாப் பொட்டிதட்டியும் செவ்வாய் கிரகக் கதையைச் சொல்லித் தன்னைத் தேத்திக்குவான். 1997 ஜூலைல நாசாவோட பாத்ஃபைண்டர் செவ்வாய்ல இறங்கி, கொஞ்ச நாள்ல தானா ரீசெட் ஆக ஆரம்பிச்சுது. அங்கேயும் இதே சாவிக் கதை: சாவி வெச்சிருந்த சின்னப் பையனை நடுவுல இருந்த வேலைக்காரங்க ஓட விடல, அந்தச் சாவிக்குக் காத்திருந்த பெரியவர் மாட்டிக்கிட்டார். பூமியில இருந்த ஜோடிப் பொட்டியில அதே மாதிரி நடக்க வெச்சுக் கண்டுபிடிச்சு, இங்கேருந்தே அங்கே சரி பண்ணினாங்க. அவங்களுக்கு செவ்வாய் எட்டிச்சு, எனக்கு செங்கல்பட்டு எட்டல.

சிபியூக்கு வேலை குடுக்கணும்னு அஞ்சாவது நாள்தான் மண்டையில உறைச்சுது. 4 மணிக்கு லாக்கைச் சுருக்கறதும் அதே சிப்தான், அப்போ அது முக்கிக்கிட்டு இருக்கும். அதே மாதிரி பக்கத்துல கம்ப்ரஷன் ஓட விட்டேன். பதினோரு நிமிஷம். முழு கேனோட எடையில பாதி கேனோட கடைசி இலக்கங்கள். ராத்திரி ஒன்பதே முக்கால், லேப்ல நான் மட்டும். "வந்துட்டான்யா"ன்னு கத்தினேன், வாட்ச்மேன் எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

அடுத்து எஃப்டிரேஸ். கர்னலுக்குள்ளயே இருக்கற சிசிடிவி கேமரான்னு வெச்சுக்குங்க, 2008-லிருந்து லினக்ஸ்ல இருக்கு. யாரு எப்போ தூங்கினாங்க, யாரு எழுப்பினாங்க, சிக்னல் யாருக்கு வந்துச்சுன்னு எல்லாம் மைக்ரோசெகண்ட் கணக்குல எழுதும். அதுல பார்த்தா: சாவிக்காக வரிசையில தூங்கிட்டு இருந்த மேடை த்ரெட் திடீர்னு முழிச்சுக்குது. சாவியை யாரும் மாட்டல. சரி, சிக்னல் வந்திருக்கும்னு பார்த்தா, அந்த த்ரெட்டுக்கு எந்த சிக்னலும் டெலிவரி ஆனதா பதிவே இல்ல. ரெண்டு சிக்னலையும் மெயின் த்ரெட்தான் வாங்கியிருக்கு. அப்போ இவனை எழுப்பினது யாரு? பேயா?

ரெண்டு நாள் இந்தப் பேயோட குடும்பம் நடத்தினேன். கடைசியில கர்னல் சோர்ஸையே திறந்து, சிக்னலை எந்த த்ரெட்டுக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ற ஃபங்ஷனை வரி வரியாப் படிச்சேன். கம்ப்ளீட் சிக்னல்னு பேரு, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும். நாலு வருஷமா கர்னல் புரோகிராமர்னு விசிட்டிங் கார்டு வெச்சிருக்கேன், இதைப் படிச்சதில்ல.

நம்ம ஸ்டோர் வீட்டுக்கே போவோம். ஒரு குடும்பத்துக்குத் தபால் வருதுன்னா, தபால்காரர் மொதல்ல வீட்டுப் பெரியவரைப் பார்ப்பார். அதுதான் மெயின் த்ரெட். பெரியவர் வாங்கற நிலையில இருந்தா அவர் பேர்தான். நான் நாலு வருஷம் பார்த்தது அதைத்தான். ஆனா பெரியவர் மடியில ஏற்கெனவே பிரிக்காத தபால் ஒண்ணு கிடந்து, அவரும் அந்த நேரம் எழுந்து நடமாடாம இருந்தா, தபால்காரர் அவரைத் தொந்தரவு பண்ண மாட்டார். வீட்ல வேற யாரு இருக்கான்னு பார்த்து, பாத்ரூம் வரிசையில தூங்கற தம்பியைத் தட்டி எழுப்பி, "தபால் வந்திருக்கு"ம்பார். தபாலைப் போடறது பொதுப் பெட்டியில. தம்பி கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள பெரியவர் முழிச்சு ரெண்டு தபாலையும் எடுத்துட்டுப் போயிடறார். பெட்டி காலி. தம்பி தபால் வாங்கினதுக்கு ஆதாரமே கிடையாது. ஆனா வரிசையை விட்டு எழுந்து வந்தது வந்ததுதான்.

இதுல கர்னல் மேல தப்பே இல்ல. வீட்டுக்கு வந்த சிக்னலை, வேண்டாம்னு சொல்லாத எந்த த்ரெட்டுக்கு வேணும்னாலும் குடுக்கலாம்ங்கறது போசிக்ஸ் விதி. 2003-க்கு முன்னாடி இருந்த லினக்ஸ்த்ரெட்ஸ்ல ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி பிராசஸ் நம்பர், தனித்தனி வீடு மாதிரி. சிக்னல் எந்த நம்பருக்கு வந்ததோ அங்கேதான் போகும். 2.6 கர்னலும் என்பிடிஎல்லும் வந்தப்புறம்தான் விதிப்படி ஒரே வீடாச்சு. தபால் வேண்டாம்னா த்ரெட்டை உருவாக்கறதுக்கு முன்னாடியே சிக்னலை மறைச்சு வைக்கணும். நான் வைக்கல.

சரி, தம்பி வரிசையிலிருந்து எழுந்துட்டான். எழுந்தா என்ன? கர்னல் அவன்கிட்ட தெளிவா சொல்லுது, "உனக்கு சாவி கிடைக்கல, இடையில எழுப்பிட்டாங்க"ன்னு. டவுன் இன்டரப்டிபிள்ங்கற ஃபங்ஷன் சைபரைத் திருப்பிக் குடுத்தா சாவி கையில, வேற எதைக் குடுத்தாலும் கையில இல்ல. அதைப் பார்க்காம பாத்ரூமுக்குள்ள போயிட்டு, வெளிய வந்து, இல்லாத சாவியை ஆணியில மாட்டினா? அங்கேதான் ரெண்டாவது சாவி பொறக்குது. செமஃபோருக்கு யாரு எடுத்தாங்க யாரு மாட்டினாங்கன்னு கணக்கு கிடையாது, மாட்டினா எண்ணிக்கை ஒண்ணு கூடும், அவ்வளவுதான். மியூட்டெக்ஸ் போட்டு டீபக் ஆப்ஷனை ஆன் பண்ணியிருந்தா, எடுக்காதவன் மாட்டறான்னு கர்னலே கூப்பாடு போட்டிருக்கும். ஞாயிறு 4 மணிக்குப் பொறந்த சாவி சத்தமில்லாம தொங்கும். திங்கக்கிழமை ரெண்டு மேடையிலயும் லாரி ஏறினதும் ரெண்டு பேரும் சேர்ந்து உள்ளே போவாங்க. பொட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சாவி மறுபடி ஒண்ணு. அவர் நோட்டுல அன்னிக்கே எழுதிட்டார்.

என் கோடைத் திறந்தேன். டவுன் இன்டரப்டிபிள் திருப்பித் தர்றதைப் பார்க்காம விட்டா கம்பைலரே வார்னிங் குடுக்கும், கர்னல்காரங்க அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. வார்னிங் எங்கே போச்சு? ரெட்னு ஒரு வேரியபிள்ல அதை வாங்கிப் போட்டிருந்தேன். அடுத்த ரெண்டாவது வரியில அதே ரெட்ல வேற எதையோ வாங்கியிருந்தேன். நடுவுல அதைப் பார்க்கவே இல்ல. அதாவது தெரியாம விட்டது இல்ல. வார்னிங் வந்திருக்கு, நான் அதோட வாயைப் பொத்தியிருக்கேன். கிட்ல யாரு எழுதினதுன்னு கேட்டேன். என் பேரு, என் மொத வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 8.52. கமிட் மெசேஜ்: "வார்னிங் ஃபிக்ஸ்டு".

கொடுமை என்னன்னா, அந்த டிரைவரை நான் பார்த்து எழுதினதே 2005-ல வந்த லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ் மூணாம் பதிப்பை வெச்சுத்தான். அதுல இருக்கற மாதிரி கோடுல இதைச் சரியா பார்த்துத் திரும்பியிருப்பாங்க. காப்பி அடிக்கறப்போ அந்த ஒரு இஃப்பை விட்டிருக்கேன்.

சரி பண்றதுக்கு ரெண்டு வரி. சாவி கிடைக்கலேன்னா பேசாம திரும்பு, அதுக்கு ஒண்ணு. மேடை த்ரெட்டுக்கு சிக்னலே வேண்டாம், அதுக்கு ஒண்ணு. ரெண்டு நாள் கம்ப்ரஷனோட ஓட விட்டேன், கேன் எடை அசையல.

அப்புறம் ரிலீஸ் நோட். "நிலைத்தன்மை மேம்பாடுகள்னு போட்டு அனுப்பிடு"ன்னார் மேனேஜர். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, நானும் எத்தனையோ தடவை போட்டிருக்கேன். உண்மையைச் சொன்னா, அப்படியே போட்டுடலாம்னு எனக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கத் தோணிச்சு. கோடு சரியாயிடுச்சு, இனிமே தப்பு வராது, யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் எடைமேடைக்கு வந்து முத்திரை போடற ஆய்வாளர் மேடையைத்தான் பார்ப்பார், என் டிரைவரைப் பார்க்க மாட்டார். ஆனா நாலாயிரத்து ஐநூறு ரூபாய் யார் கணக்குல இருக்கு?

மறுநாள் மேனேஜர்கிட்ட சொன்னேன், டிக்கெட்டை மூடினது நான், மறுபடி திறக்கறதும் நானே பண்றேன்னு. "எதுக்கு பாஸ் வம்பு, நஷ்ட ஈடு கேட்டா?"ன்னார். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில, "சரி, நீயே எழுது, நான் படிச்சுட்டு அனுப்பறேன்"னார். ஒன்பது தேதியும் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்து மேடை எடையையும் போட்டு, தப்பு எங்க டிரைவர்ல, ஆபரேட்டர் கீபோர்டைத் தொடலைன்னு எழுதினேன். ஒரு வார்த்தையை மட்டும் மாத்தினார் மேனேஜர். "என்"னு இருந்ததை "எங்கள்"னு.

அவருக்குப் போன் பண்ணினது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு.

"அண்ணே, அந்த ஆபரேட்டர் எரர்னு எழுதினது நான்தாண்ணே."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பின்னாடி லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"நீங்களா சார்?"

"ஆமாண்ணே. தப்பும் என்னோடதுதான்."

"அப்போ அந்த நாலாயிரத்து ஐநூறு?"

மெயில்ல எழுதியிருக்கேன், முதலாளிகிட்ட பேசறேன்னு சொன்னேன். பேசவும் செஞ்சேன். இப்போ அவர் மறுபடி பகல் கேட்டுக்கு வந்துட்டார். பணத்துல பாதி வந்திருக்கு. மீதி அடுத்த சம்பளத்துல தர்றதா முதலாளி சொல்லியிருக்காராம். நான் தர்றேன்னு சொன்னதுக்கு, "உங்க காசு எதுக்கு தம்பி, புடிச்சவர் குடுக்கட்டும்"னுட்டார். சார் எப்போ தம்பி ஆச்சுன்னு நான் கவனிக்கல.

புது டிரைவர் போட்டு ஆறு வாரம் ஆச்சு. திங்கக்கிழமை சாயங்காலமானா நோட்டுப் பக்கம் வாட்ஸப்ல வந்துடும். நான் கேக்கல, அவரா அனுப்பறார். ஆறு வாரமும் சிவப்பு டிக் கிடையாது. போன திங்கக்கிழமை பக்கத்துல மட்டும் கீழே ரெண்டு வரி இருந்தது: "எடை எல்லாம் சரி. பேப்பர்ல மணி ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுது. பாருங்க தம்பி."

மணி காட்டற கோடும் நான் எழுதினதுதான். பார்த்துக்கிட்டு இருக்கேன் :-)